மொராக்கோல பத்து ராத்திரி, பழைய நகரங்கள், தாராளமான பட்ஜெட்: காசை எங்க போடணும், எங்க போடக் கூடாது

நீங்க கேட்டது சுருக்கமா இதுதான்: நீங்க, உங்க வீட்டுக்காரர், முழங்கால் வலி இருக்குற அம்மா, மூணு பேர். மொராக்கோ, பத்து ராத்திரி. பழைய நகரங்களை நிதானமா, சொகுசா பார்க்கணும். அந்த ஊரைப் பத்தி யாருக்கும் ஒண்ணும் தெரியாது. எத்தனை ஊர் போகலாம், ஃபைவ் ஸ்டார் ஹோட்டலா ரியாதா (முற்றம் வச்ச பழைய வீட்டை விடுதியா மாத்தினது), ஏஜென்ட் அனுப்பின பிளான் சரியா.

நான் ரெண்டு தடவை போயிருக்கேன். முதல் தடவை நல்லா செலவு பண்ணி சொதப்பினேன். ஏழு ராத்திரில அஞ்சு ஊர், கோட்டைச் சுவருக்கு வெளிய பெரிய ஹோட்டல், பத்து பேர் உட்கார்ற வேன்ல ரெண்டே பேர். எல்லாம் பளபளன்னு இருந்துச்சு, ஆனா ஊருக்குத் திரும்பி வந்து யோசிச்சா வேன் ஜன்னல்தான் ஞாபகம் வருது. ரெண்டாவது தடவை அதைவிட கம்மியாதான் செலவு, ஆனா பழைய ஊருக்குள்ளயே ஒரு வீட்டுல நாலு ராத்திரி தங்கினேன், அதுதான் இன்னைக்கு வரைக்கும் பேசிட்டு இருக்கேன். அதனால நான் சொல்றதுல ஒரு சார்பு இருக்கும், தெரிஞ்சே படிங்க.

முதல்ல ஊர்கள். ராஜாக்கள் தலைநகரா வச்சிருந்த ஊர் நாலு: ஃபெஸ், மராகேஷ், மெக்னெஸ், ரபாத். ஏஜென்ட் பிளான்ல இந்த நாலும், கூட காசாபிளாங்கா, நீல கலர் ஊரு ஷெஃப்ஷாவன், சஹாரா ரெண்டு ராத்திரின்னு எல்லாத்தையும் அடைச்சு வச்சிருக்கார். மேப்ல பக்கத்துல தெரியும், ஏமாந்துடாதீங்க. ஃபெஸ்ல இருந்து நிஜமான மணல் மேடு இருக்குற மெர்சூகாவுக்கு 450 கிலோமீட்டருக்கு மேல, மலை ரோடு, ஒரு முழு பகல் போயிடும், அங்க இருந்து மராகேஷ் போறது அதைவிட தூரம், நடுவுல 2,260 மீட்டர் உயரத்துல திஷ்கா கணவாய் வேற ஏறி இறங்கணும். அழகான ரோடுதான், நான் இல்லைங்கல, ஆனா முழங்கால் வலிக்காரங்களை மூணு நாள் கார்ல மடக்கி உட்கார வச்சுட்டு அதை சொகுசுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. சஹாராவுக்குத் தனியா ஒரு பயணம் போங்க. மராகேஷ்ல இருந்து ஒரே நாள்ல பாலைவனம்னு விக்கிறாங்களே, அது அகஃபாய், மணல் கிடையாது, கல்லு மேடு. ஒரு சாயங்காலம் கூடாரத்துல சாப்பிட்டு வர நல்லா இருக்கும், சஹாரான்னு நினைச்சு போகாதீங்க.

என் கணக்கு: ஃபெஸ் நாலு, ரபாத் ரெண்டு, மராகேஷ் நாலு. மெக்னெஸ் ஃபெஸ்ல இருந்து ஒரு பகல்ல போயிட்டு வர்ற தூரம், ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஃப்ளைட் போறப்போ ஒரு ஊர், திரும்பறப்போ வேற ஊர்னு போடுங்க, ஃபெஸ்ல இறங்கி மராகேஷ்ல ஏறுற மாதிரி. ஃபெஸ்ஸுக்கு டிக்கெட் சரியா அமையலன்னா காசாபிளாங்கால இறங்கி ட்ரெயின், நாலு மணி நேரம் வச்சுக்கோங்க. ஃபெஸ்ல இருந்து மராகேஷ் போற ட்ரெயினே மெக்னெஸ், ரபாத், காசாபிளாங்கா வழியாதான் போகுது, மொத்தமா போனா ஆறரை ஏழு மணி நேரம், நீங்க நடுவுல ரபாத்ல ரெண்டு ராத்திரி இறங்கிட்டா அது ரெண்டு துண்டா உடைஞ்சு ஒண்ணுமே தெரியாது. முதல் வகுப்புல சீட் நம்பர் போட்டு குடுப்பாங்க. 2018-ல வந்த அதிவேக ட்ரெயின் இருக்கே, அல் பொராக், அது டேஞ்சியர்ல இருந்து ரபாத் வழியா காசாபிளாங்கா வரைக்கும்தான், உங்க ரூட்ல அதை நம்பி பிளான் போட வேண்டாம்.

இதுல ஒரு விஷயம், ஏஜென்ட் பத்து நாளுக்கும் காரும் டிரைவரும் கணக்கு போட்டிருக்காரு பாருங்க, அதை நல்லா பாருங்க. ஃபெஸ்லயும் மராகேஷ்லயும் பழைய ஊருக்குள்ள கார் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, அது பாட்டுக்கு வாசல்ல நிக்கும், வாடகை ஓடும். கார் தேவைப்படறது ஏர்போர்ட்டுக்கும், மெக்னெஸ் போற அன்னைக்கும்தான். மிச்சம் ஆகுற காசுக்கு நல்ல ரூமும் நல்ல கைடும் கிடைக்கும், கணக்கு அங்கதான் திரும்புது.

இப்போ தங்குற இடம். பழைய ஊருக்கு அங்க மதீனான்னு பேர், அரபில நகரம்னுதான் அர்த்தம், சவுதில இருக்குற மதீனாவோட போட்டு குழப்பிக்காதீங்க. ரியாத்னா நடுவுல முற்றம், அதுல செடி, தண்ணித் தொட்டி, சுத்தி ரூம், ஜன்னல் எல்லாம் உள்பக்கம் பார்த்து. தெருவுல இருந்து பார்த்தா வெறும் மண்சுவரும் ஒரு கதவும்தான், "இதுக்கா இவ்ளோ காசு"ன்னு வயிறு கலங்கும், கதவு திறந்ததும் வேற உலகம். கையால உளி வச்சு வெட்டி ஒட்டின செல்லீஜ் ஓடு, செதுக்கின சுண்ணாம்பு வேலை, மேல தேவதாரு மரம்னு கழுத்து வலிக்கப் பார்ப்பீங்க.

ஆனா ரியாத்ல எல்லாமே நல்லாருக்கும்னு நினைக்காதீங்க, பழைய வீடு பழைய வீடுதான். லிஃப்ட் பெரும்பாலும் இருக்காது. படி குறுகலா, ஒவ்வொண்ணும் ஒரு உயரத்துல இருக்கும். கீழ் ரூம் கொஞ்சம் இருட்டா இருக்கும், முற்றத்துல யாராவது பேசினா காதுக்குள்ள கேக்கும். மொட்டை மாடிக்குப் பக்கத்து ரூம்னா வெளிச்சம் இருக்கும், விடியக்காலை பாங்கு சத்தமும் சேர்ந்து வரும் (எனக்கு பிடிச்சுது, என் கூட வந்தவருக்குப் பிடிக்கல). அதனால புக் பண்றதுக்கு முன்னாடி நேரா மெயில் போட்டு கேளுங்க: அம்மாவுக்கு கீழ் தளத்துல ரூம் உண்டா, பாத்ரூம் வாசல்ல படி உண்டா, கார் நிக்கிற இடத்துல இருந்து எத்தனை நிமிஷம் நடக்கணும், அதுல ஏத்தம் உண்டா, பெட்டி தூக்க ஆள் அனுப்புவாங்களா. கடைசி கேள்விக்கு நல்ல ரியாத் எல்லாருமே ஆமான்னுதான் சொல்வாங்க, தள்ளுவண்டியோட ஒருத்தர் கேட்டுக்கே வந்து நிப்பார். கார்ல இருந்து எவ்ளோ தூரம்ங்கிறதுக்கு மட்டும் மழுப்பலா பதில் வந்தா அந்த இடத்தை விட்டுடுங்க. நான் ஒரு தடவை "அஞ்சு நிமிஷம்"னு சொன்னதை நம்பி இருபது நிமிஷம் ஏத்தத்துல நடந்திருக்கேன், ராத்திரி பதினோரு மணிக்கு.

ஆறு ஏழு ரூம் உள்ள ரியாத்ல ரெண்டு ரூம் எடுக்குறதுக்கும் சின்ன ரியாத் ஒண்ணை முழுசா எடுக்குறதுக்கும் சில சமயம் விலை ரொம்ப வித்தியாசப்படாது, கேட்டுப் பாருங்க. முழு வீடு, சமையல்காரம்மா, முற்றம் உங்களுக்கே. பத்து நாள்ல நாலு நாளாவது அப்படி இருந்தா அம்மா வெளிய சுத்தாம வீட்டுல இருந்தாலே ஊரைப் பார்த்த மாதிரி.

மராகேஷ்ல பெரிய ஹோட்டல் ஆசை இருந்தா தப்பில்ல. அங்க 1923-ல திறந்த லா மாமூனியா இருக்கு, சர்ச்சில் வந்து உட்கார்ந்து படம் வரைஞ்ச தோட்டம். 2010-ல திறந்த ராயல் மன்சூர் இருக்கு, மன்னர் ஆறாம் முகமது கட்டச் சொன்னது, ரூம்னு பேச்சே இல்ல, 53 தனித்தனி ரியாத், வேலைக்காரங்க கண்ணுல படாம வந்து போறதுக்கு பூமிக்கு அடியில சுரங்கப்பாதை. வேலைப்பாடு பார்த்தா அசந்துடுவீங்க. என் அபிப்ராயம், இதுல தங்கணும்னா கடைசி ரெண்டு ராத்திரி மட்டும் தங்குங்க. ஆரம்பத்துலயே போனா அப்புறம் வெளிய கால் வைக்க மனசு வராது, ஊரைப் பார்க்க வந்தது மறந்துடும்.

ஃபெஸ் பத்தி கொஞ்சம் அதிகமா சொல்றேன், ஏன்னா இங்கதான் பெரும்பாலானவங்க ஒரே நாள் குடுத்துட்டு ஓடறாங்க. ஃபெஸ் எல் பாலி, பழைய பகுதி, 1981-லயே யுனெஸ்கோ பட்டியல்ல வந்துடுச்சு. உள்ள கார் கிடையாது, சாமான் எல்லாம் கழுதையும் கோவேறு கழுதையும்தான், பின்னாடி இருந்து "பலாக்"னு சத்தம் கேட்டா யோசிக்காம சுவர் ஓரம் ஒதுங்கிடுங்க. 859-ல ஃபாத்திமா அல் ஃபிஹ்ரின்னு ஒரு பெண் ஆரம்பிச்சதா சொல்ற கராவியின் பள்ளிவாசல் இங்கதான், அதுக்குள்ளயே வளர்ந்ததுதான் அதே பேர்ல இருக்குற பல்கலைக்கழகம். முஸ்லிம் இல்லாதவங்க உள்ள போக முடியாது, வாசல்ல நின்னு பார்க்கலாம். மொராக்கோல ஏறக்குறைய எல்லா பள்ளிவாசலுக்கும் இதே விதிதான், பெரிய விலக்கு காசாபிளாங்கால 1993-ல கட்டி முடிச்ச இரண்டாம் ஹசன் பள்ளிவாசல், அங்க கைடு டூர்ல போகலாம். அதுக்குப் பதிலா மத்ரஸாக்களை (பழைய மதப் பள்ளிகள்) பாருங்க, 1350-கள்ல கட்டின பூ இனானியா, 1325-ல முடிஞ்ச அத்தாரீன். அத்தாரீன் சின்னது, ஆனா ஒரு சாண் இடம் விடாம வேலைப்பாடு.

அம்மா முழங்காலுக்கு ஒரு வழி சொல்றேன். எல்லா கைடும் பூ ஜெலூத் வாசல்ல (நீல ஓடு போட்ட வாசல், படத்துல பார்த்திருப்பீங்க, 1913-ல கட்டினதுதான், ஊர் வயசுக்குக் குழந்தை) ஆரம்பிச்சு கீழ இறக்கிக்கிட்டே கராவியின் வரைக்கும் கூட்டிட்டுப் போவாங்க. இறக்கம்தானேன்னு நினைப்போம், முழங்கால் வலிக்கு ஏத்தத்தைவிட இறக்கம்தான் எமன். அதனால ரெண்டா பிரிச்சுக்கோங்க. ஒரு நாள் பூ ஜெலூத்தும் பக்கத்துல இருக்குற பூ இனானியாவும் மட்டும். இன்னொரு நாள் டாக்ஸில நேரா கீழ ர்சீஃப் சதுக்கத்துல இறங்கிடுங்க, டாக்ஸி அங்க வரைக்கும் வரும், அங்க இருந்து கராவியின், அத்தாரீன், பித்தளைப் பாத்திரம் தட்டுற செஃபாரீன் சதுக்கம் எல்லாம் கிட்டத்துலயே. செஃபாரீன்ல டீக்கடை இருக்கு, அம்மாவை அங்க உட்கார வச்சுட்டு நீங்க ரெண்டு பேரும் சுத்திட்டு வரலாம். டங் டங்னு தட்டுற சத்தம் ஒரு பத்து நிமிஷத்துல தாளமாவே ஆயிடும். சின்ன டாக்ஸில மூணு பேருக்கு மேல ஏத்த மாட்டாங்க, கைடும் சேர்ந்தா ரெண்டு டாக்ஸி, இதுக்கு கோபப்படாதீங்க, விதி அது.

ஷுவாரா தோல் பதனிடுற இடம் பார்க்காம யாரும் விட மாட்டாங்க. வெள்ளைத் தொட்டில சுண்ணாம்பும் புறா எச்சமும், தோல் இளகறதுக்கு, கலர் தொட்டில சாயம். பார்க்குறது சுத்தி இருக்குற தோல் கடைங்களோட மாடியில இருந்து, புதினா கொத்து கையில குடுப்பாங்க மூக்குல வச்சுக்க, அது எதுக்குன்னு ரெண்டு செகண்ட்ல புரிஞ்சுடும். மாடிக்கு காசு இல்லன்னாலும் இறங்கி வரும்போது கடை வழியாதான் வரணும். வாங்கணும்னு கட்டாயம் இல்ல, சின்னதா ஏதாவது டிப்ஸ் குடுத்துட்டு சிரிச்சுட்டே நடந்துடுங்க.

கைடு விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. அரசாங்க லைசென்ஸ் உள்ளவங்க கழுத்துல அடையாள அட்டை போட்டிருப்பாங்க, ரியாத் மூலமா முன்கூட்டியே சொல்லி வச்சா நல்ல ஆள் கிடைப்பார், பெண் கைடுகளும் இருக்காங்க. தெருவுல "அந்த வழி மூடியாச்சு, நான் காட்டுறேன்"னு வர்ற பசங்க கைடு இல்ல, வழி மூடியிருக்கவும் மாட்டாது. லைசென்ஸ் உள்ளவர்கிட்டயும் முதல் நிமிஷமே சொல்லிடுங்க, "எங்களுக்கு ஷாப்பிங் வேண்டாம், அதுக்கு பதிலா உங்க ஃபீஸ்ல கூட்டித் தர்றோம்"னு. அவருக்கு கம்பளக் கடைல கமிஷன் உண்டு, அதுல ஒண்ணும் ரகசியம் இல்ல, அந்த நஷ்டத்தை நீங்க ஈடு கட்டிட்டா அரை நாள் உங்களுக்கு மிச்சம். நான் முதல் தடவை சொல்லல. நாலு கிளாஸ் புதினா டீ, ரெண்டு மணி நேரம், தரை முழுக்க விரிச்ச கம்பளம், கடைசியில தேவையே இல்லாத ஒண்ணு என் பெட்டில. நல்ல கம்பளம்தான், என் ஹாலுக்குப் பொருந்தல, அவ்ளோதான்.

மெக்னெஸ் போற அன்னைக்கு காலையிலேயே வொலூபிலிஸ் போயிடுங்க, ரோமானியர் ஊரோட இடிபாடு, மொசைக் தரை எல்லாம் வெட்ட வெளியில அப்படியே கிடக்கு, நிழல் சுத்தமா கிடையாது, தொப்பி முக்கியம். அப்புறம் மெக்னெஸ். 1672-ல இருந்து 1727 வரைக்கும் ஆண்ட மூலாய் இஸ்மாயில் கட்டின ஊர். இந்த மனுஷன் மராகேஷ்ல இருந்த எல் பாதி அரண்மனையை, 1578 போர் வெற்றிக்கு அப்புறம் அஹமத் அல் மன்சூர் ஆரம்பிச்சது, பளிங்கு முதற்கொண்டு உரிச்சுக்கிட்டு வந்துட்டார். நாலஞ்சு நாள் கழிச்சு மராகேஷ்ல அந்த மொட்டைச் சுவரைப் பார்க்கும்போது, அட இதோட சாமான்தானே அங்க போச்சுன்னு உங்களுக்கே தோணும். இந்த வரிசைல போகச் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம். மராகேஷ்லயே மூலாய் இஸ்மாயில் மூடி வச்ச சாதியர் வம்சத்துக் கல்லறைகள் 1917-லதான் வெளிய தெரிஞ்சுது.

ரபாத்தை எல்லாரும் தாண்டிப் போயிடறாங்க. எனக்கு அது நடுவுல மூச்சு வாங்குற ஊர். யாரும் கையைப் பிடிச்சு இழுக்க மாட்டாங்க, நடைபாதை சமதளம், கடல் காத்து. ஹசன் கோபுரம் 44 மீட்டரோட நின்னு போச்சு, கட்டச் சொன்ன யாகூப் அல் மன்சூர் 1199-ல இறந்ததும் வேலையை நிறுத்திட்டாங்க. மராகேஷ் போனதும் அதோட உறவுக்காரர் மாதிரி இருக்குற குத்துபியா கோபுரத்தைப் பார்ப்பீங்க, அது முடிச்சது, 77 மீட்டர். ஊதாயா கோட்டைக்குள்ள சாயங்காலம் ஒரு நடை, போதும்.

மராகேஷ் பத்தி ஏற்கனவே நிறைய படிச்சிருப்பீங்க, அதனால தேவையானது மட்டும். மதீனாவுக்குள்ள மோட்டார் சைக்கிள் வரும், அதுவும் வேகமா, அம்மா கையை விடாதீங்க. பென் யூசுஃப் மத்ரஸா, 16-ம் நூற்றாண்டு, பல வருஷம் ரிப்பேர்ல மூடி இருந்து 2022-ல திறந்தாங்க, காலையில கதவு திறக்கும்போதே போங்க. பாஹியா அரண்மனையும் அப்படித்தான், பத்து மணிக்கு மேல பஸ் கூட்டம். மஜோரெல் தோட்டம், 1980-ல ஃபேஷன் டிசைனர் ஈவ் சான் லோரான் தன் பார்ட்னரோட சேர்ந்து வாங்கி காப்பாத்தினது, டிக்கெட் ஆன்லைன்ல நேரம் குறிச்சு வாங்கணும், போய் நின்னா கிடைக்காது. ஜமா எல் ஃப்னா சதுக்கத்தை ராத்திரி முதல்ல மாடி கஃபேல இருந்து பாருங்க, அப்புறம் இறங்குங்க. பாம்புக்காரர், குரங்குக்காரர் போட்டோ எடுத்தா காசு கேட்பாங்க, மருதாணி வைக்கிறேன்னு கையைப் பிடிச்சா உடனே இழுத்துக்கோங்க. 2023 செப்டம்பர் நிலநடுக்கம் இந்தப் பக்கத்து மலைகளைத்தான் பெரிசா அடிச்சுது, மதீனாலயும் சில இடங்கள்ல சேதம், அதனால பார்க்க நினைச்ச ஒவ்வொரு இடமும் திறந்திருக்கான்னு ரியாத்ல கேட்டுக்கோங்க.

சாப்பாடு: பஸ்தில்லா கண்டிப்பா, மெல்லிசு மாவுக்குள்ள புறா இல்லன்னா கோழி, பாதாம், மேல சர்க்கரையும் பட்டையும், கேக்க விநோதமா இருக்கும், ஒரு வாய் போட்டதும் பேச்சு நின்னுடும். மராகேஷ்ல தஞ்சியா, மண் ஜாடில கறியை அடைச்சு ஹம்மாம் (நீராவிக் குளியல் இடம்) அடுப்பு சாம்பல்ல மணிக்கணக்கா வேக விடறது. கூஸ்கூஸ், ரவை மாதிரி ஆவியில வேக வச்சது, வெள்ளிக்கிழமை சாப்பாடு. அதே வெள்ளிக்கிழமை ஃபெஸ்ல நிறைய கடை மூடியிருக்கும், அன்னைக்கு மெக்னெஸ் போற மாதிரி வச்சுக்கோங்க. ரியாத்ல ராத்திரி சாப்பாடு வேணும்னா காலையிலேயே சொல்லணும், அப்போதான் மார்க்கெட் போவாங்க. ஒயின் வேணும்னா லைசென்ஸ் இருக்கான்னு கேளுங்க, எல்லா ரியாத்லயும் கிடையாது. ஹம்மாமுக்கு முதல் தடவை தனியார் இடமே போங்க, கருப்பு சோப்பு பூசி கெஸ்ஸா கையுறை போட்டு தேய்ப்பாங்க, உங்க தோல்ல இவ்ளோ அழுக்கான்னு வெக்கமா இருக்கும். அம்மாவுக்கு ஈரத் தரை வழுக்கும், அதை மட்டும் பார்த்துக்கோங்க.

காசு: திர்ஹாம் வெளிநாட்டுல சுலபமா கிடைக்காது, 2,000 திர்ஹாமுக்கு மேல உள்ள கொண்டு போகவோ வெளிய கொண்டு வரவோ கூடாது, அங்க போய்தான் மாத்தணும், ரசீதை வச்சிருங்க. பெரிய ஹோட்டல்ல கார்டு ஓடும், மதீனால ரொக்கம். பெட்டி தூக்கினவர், கதவு திறந்தவர், வழி சொன்ன பாட்டின்னு தினமும் சில்லறை கரையும், நோட்டை மாத்தி சில்லறையா வச்சுக்கோங்க. விசா உங்க பாஸ்போர்ட்டைப் பொறுத்தது, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அவங்க அரசாங்க தளத்துலயே பாருங்க. ட்ரோன் இருந்தா வீட்டுலயே வச்சுட்டு போங்க, ஏர்போர்ட்ல பிடுங்கிடுவாங்க.

எந்த மாசம்னு நீங்க எழுதல, அதுதான் எல்லாத்தையும் மாத்தும். மார்ச்ல இருந்து மே, செப்டம்பர் கடைசில இருந்து நவம்பர், இது ரெண்டும் நல்ல காலம். ஜூலை ஆகஸ்ட்ல மராகேஷ் 40 டிகிரிக்கு மேல சர்வ சாதாரணமா போகும். ரமலான் மாசம்னா பகல்ல பல சாப்பாட்டுக் கடை மூடியிருக்கும், ராத்திரி ஊரே திருவிழா மாதிரி, எனக்குப் பிடிக்கும், ஆனா முதல் பயணத்துக்கு யோசிச்சுக்கோங்க. அந்த மாசம் மட்டும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளுறது 2018-ல இருந்து வழக்கமா இருக்கு, ட்ரெயின் நேரம் பார்க்கும்போது கவனம். டிசம்பர், ஜனவரின்னா ஃபெஸ்ல ராத்திரி பல்லு கிட்டும், முற்றம் திறந்து கிடக்குற வீடு வேற. ரியாத்ல "கணப்பு இருக்கா"ன்னு கேக்காதீங்க, கீழ ஹால்ல நெருப்பு மூட்டுற இடத்தைக் காட்டி ஆமான்னுடுவாங்க, "அம்மா ரூம்ல ஹீட்டர் இருக்கா, பாத்ரூம்ல இருக்கா"ன்னு கேளுங்க. மாசம் சொல்லுங்க, ராத்திரிகளைக் கொஞ்சம் மாத்திப் போட வேண்டி வரலாம்.